அப்பாவுக்கு இலை போடுவதா?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும். சிலருக்கு ஆர்க்கிட் செடி, சிலருக்குக் கோயில் கமிட்டி. மலாக்காவில், கிளேபாங்கில் இருக்கும் என் தோழிக்கு வம்சம் தேடும் பைத்தியம் பிடித்தது. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள், என்னைவிட இளையவள், கணினியைக் கண்டு பயப்படாதவள். தன் வம்சத்தைத் தோண்டி முடித்ததும் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். குடும்ப மரம் போடும் மென்பொருள் ஒன்றை என் கணினியில் ஏற்றித் தந்தாள்.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

"ஃப்ரீலா அக்கா. காசும் இல்ல, பூட்டும் இல்ல. எழுதுனவங்க உள்ள என்ன எழுதியிருக்கோம்னு தொறந்தே வச்சிருக்காங்க. யார் வேணாலும் பாக்கலாம். பிடிக்கலன்னா மாத்திக்கலாம்."

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்ப்பேன். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள் நான். இலவசமாக எது வந்தாலும் மறுமுனையில் யார் என்று கேட்பது பழக்கம். பல நாள் அதைக் குடைந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. சரி என்று குடும்பத்தை உள்ளே ஏற்ற ஆரம்பித்தேன்.

ஒவ்வொருவருக்கும் பிறந்த நாள், இறந்த நாள் என்று அது கேட்கும். தெரிந்ததைப் போடலாம், தெரியாததை விட்டுவிடலாம். அப்பாவுக்குப் பிறந்த வருடம் தெரியும், அதைப் போட்டேன். இறந்த நாள் தெரியாது, விட்டுவிட்டேன். எல்லாம் ஏற்றியபின் உறவினர்களுக்கு அனுப்ப அந்தக் குடும்ப மரத்தை ஒரு படமாக எடுத்தேன். தாத்தாவின் தாத்தா வரைக்கும் பெயர்கள் வரிசையாக வந்திருந்தன. அப்பாவின் பெட்டியில் மட்டும் பெயர் இல்லை. அந்த இடத்தில் 'உயிருடன் இருப்பவர்' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது.

தோழியைக் கூப்பிட்டேன். அவள் சிரித்தாள்.

"அது அப்படித்தான்க்கா. செத்த தேதி இல்லாட்டி, பொறந்து நூத்திப்பத்து வருசம் வரைக்கும் உயிரோட இருக்காருன்னு எடுத்துக்கும். உயிரோட இருக்கிறவங்க பேரை வெளியாளுக்குக் காட்டாது. மரியாதைக்குத்தான்."

நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. என் அம்மா பல வருடம் ஒரு வீட்டையே எதிர்த்துச் சொல்லிக்கொண்டிருந்ததை இந்த மென்பொருள் ஒரு சொல்லில் சொல்லிவிட்டது. அவளை யாரும் நம்பவில்லை. இதை மறுத்துப் பேச ஆளில்லை.

எங்கள் வீடு காஜா பெராங்கில், செட்டிகளின் கம்பத்தில், அதாவது கிராமத்தில் இருந்தது. செட்டி என்றதும் வட்டிக்கடை நினைவுக்கு வந்தால் அது வேறு ஆட்கள். இவர்கள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து, இந்த மண்ணுப் பெண்களைக் கட்டி, மொழியை விட்டுவிட்டுச் சாமியை விடாமல் வைத்துக்கொண்டவர்கள். வீட்டில் பேசுவது மலாய், அதுவும் அவர்களுக்கே உரிய மலாய். அப்பா அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. அம்மா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண். இந்தியாவில் பிறந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள். கோயில் திருவிழாவில் பார்த்துப் பிடித்துப்போய், பெரியவர்கள் முணுமுணுத்து, கடைசியில் கல்யாணம் நடந்தது.

கல்யாணமான மறுநாள் அம்மா செய்த காரியத்தை அந்த வீட்டில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்களாம். அன்று விருந்து என்று இலை போட்டிருந்தார்கள்; அப்பா சாப்பிட்டு எழுந்ததும் அதே இலைக்கு முன்னால் உட்கார்ந்து தன் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். தோட்டத்தில் அவள் அம்மா அப்படித்தான் செய்வாள். செட்டி வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஆளுக்கொரு தட்டில் சாப்பிடுகிறவர்கள். தட்டுக்குப் பஞ்சமா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. புருஷன் இலையில் பொண்டாட்டி சாப்பிடுவதற்கும் தட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பாள்.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவை வேலைக்குப் போன இடத்திலேயே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமில் ரயில் பாதை போட. நான் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தேன். அவர் முகம் எனக்கு நினைவில்லை. போர் முடிந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அப்பா திரும்பவில்லை. செத்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி ஆகிவிட்டது.

வீட்டில் மிச்சம் இருந்தது மூன்று பேர். நான், அம்மா, அப்பாவின் அண்ணன். அம்மா சொல்லிக்கொடுத்தபடி அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். நகராட்சியில் குழாய் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். அவர் அம்மாவுக்கு மூத்தார் முறை. மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசுவது அம்மா வளர்ந்த இடத்தில் வழக்கமில்லை. பேசினாலும் அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவர்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு என் வாய் வழியாகத்தான் போய் வரும். அம்மா என்னைப் பார்த்துத் தமிழில் சொல்வாள், நான் பெரியப்பாவிடம் மலாயில் சொல்வேன். பதில் அதே வழியில் திரும்பும். பின்னாளில் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை கிடைத்தபோது எனக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

செட்டிகளுக்குப் பொங்கலைவிடப் போகி பெரிது. அன்று செத்தவர்களுக்குச் சாப்பாடு வைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். கூடத்தில் வாழையிலைகளைப் போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்து, சாம்பிராணி போட்டு, போனவர்களைக் கூப்பிடுவார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவோம். அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் அல்லவா? கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து, சட்டிகளில் இருப்பதை நாங்கள் தட்டில் போட்டுச் சாப்பிடுவோம். அந்த இலைகளின் முன்னால் யாரும் உட்கார மாட்டார்கள்.

போர் முடிந்தபின் வந்த ஒவ்வொரு போகிக்கும் ஒரே சண்டைதான். அப்பாவுக்கு இலை போடுவதா, வேண்டாமா?

பெரியப்பா போட வேண்டும் என்பார். அவர் சொல்லும் காரணம் ஒரே சொல். "லாப்பார்." பசிக்கும் என்று அர்த்தம். தம்பி செத்திருந்தால், போகிதோறும் வாசல் வரை வந்து, தனக்கு இலை இல்லாததைப் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பிப் போகிறான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அம்மா வேண்டாம் என்பாள். "உயிரோட இருக்கிற மனுசனுக்கு எலை போடச் சொல்றாரா உங்க பெரியப்பா? கேளு" என்பாள். கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது. தெருவில் அவளை இலவு காத்த கிளி என்று பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அம்மா மூட முயலவும் இல்லை.

அவள் ஒன்றும் புத்தி கெட்டு அப்படிச் சொல்லவில்லை. ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடையில் வேலை பார்த்த ஒருவர், போர் முடிந்து சில வருடம் கழித்துச் சயாமிலிருந்து திரும்பியவர். என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா அவரிடம் போய்க் கேட்டாள். "தங்கச்சி, யாரு செத்தா, யாரு ஓடுனான்னு யாருக்குத் தெரியும்? நம்ம ஆளுங்க கொஞ்சம் பேரு அங்கேயே கட்டிக்கிட்டு, கச்சான் கடலை வித்துக்கிட்டு இருக்காங்க. நானே ரெண்டு பேரைப் பார்த்தேன்" என்றார் அவர். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அப்பா அங்கே வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டிருக்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். "கட்டிக்கட்டும். உயிரோட இருந்தா போதும்" என்றாள். அதற்குமேல் என்ன கேட்பது?

என் கட்சி எது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இலையைப் போட்டுவிட வேண்டும் என்று இருந்தது. அப்பா மேல் பாசத்தால் இல்லை. பார்க்காத மனிதர்மேல் எப்படிப் பாசம் வரும்? இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஓர் ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அப்பா இருந்தார், அல்லது இல்லை. எனக்கு இரண்டும் இல்லை. அதைச் சொன்னால் அம்மா அடித்திருப்பாள்.

பிறகு மெர்டேக்கா வந்தது. கடலோரப் பாடாங் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்தபோது கூட்டத்தில் நாங்களும் நின்றோம். பேச்சு எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. எல்லாரும் கத்தினார்கள், நாங்களும் கத்தினோம். வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா, "வெள்ளைக்காரனுக்குப் பயந்துக்கிட்டு வராதவங்க எல்லாம் இனிமே வருவாங்க" என்றாள். அப்பா எதற்கு வெள்ளைக்காரனுக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் ஒரு நாடே மாறுகிறது, ஒரு ஆள் திரும்பி வர மாட்டாரா என்று எனக்கும் ஒரு நப்பாசை வந்தது.

சுதந்திரம் கிடைத்த பிறகு அம்மாவுக்குக் குடியுரிமைப் பதிவு செய்யப் போனோம். நீண்ட வரிசை. மேசைக்குப் பின்னால் இருந்த தமிழ்க் குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்.

"வீட்டுக்காரர் இருக்காரா?"

"இருக்காரு."

"எங்க?"

"சயாம்ல."

"என்ன வேலை?"

"ரயில் வேலை."

குமாஸ்தா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். தாலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சயாம் ரயில் வேலை என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் தெரியாதவர்கள் இல்லை. எதையோ எழுதி அடுத்த கேள்விக்குப் போனார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க முயன்றேன், தெரியவில்லை. வெளியே வந்ததும் அம்மா, "நல்ல பிள்ளை" என்று அவரைப் பாராட்டினாள்.

அதற்கடுத்த போகிக்குத்தான் பெரியப்பா அன்னாசிப் பழம் வாங்கிவந்தார்.

இதை விளக்க வேண்டும். உப்புமீன் போட்ட அன்னாசிக் குழம்பு என்றால் அப்பாவுக்கு உயிராம். அம்மா அதை மற்ற நாளில் எல்லாம் வைப்பாள். போகி அன்று மட்டும் வைக்க மாட்டாள். போகியன்று ஒருவருக்குப் பிடித்ததைச் சமைத்தால் அது அவருக்கான படையல் ஆகிவிடும். அதனால் அன்று எங்கள் வீட்டுக்குள் அன்னாசிப் பழமே வரக் கூடாது என்பது சொல்லாத சட்டம். பெரியப்பா காலையில் சந்தைக்குப் போய் ஒரு பழத்தைக் கொண்டையோடு வாங்கிவந்து, அடுப்படித் தரையில் அம்மாவுக்கு எதிரே வைத்தார். போர் அறிவிப்பு வேறு எப்படி இருக்கும்?

அம்மா என் பக்கம் திரும்பினாள். "எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

சொன்னேன்.

பெரியப்பா, "இந்த நாடே முடிவு எடுத்துவிட்டது. நாமும் எடுக்க வேண்டும் என்று உன் அம்மாவிடம் சொல்" என்றார். அவர் இத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "எனக்கு வயதாகிறது. நான் போய்ச் சேர்ந்தால் அங்கே என் தம்பி என்னைக் கேட்பான், ஏன் என்னைப் பட்டினி போட்டாய் என்று."

நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா அரைத்துக்கொண்டே இருந்தாள்.

பெரியப்பா கத்தியை எடுத்துத் தரையில் உட்கார்ந்து தானே பழத்தை நறுக்க ஆரம்பித்தார். குழாய் முடுக்கிய கை. தோலோடு பாதிச் சதையை வெட்டி எறிந்தார், கண்களை அப்படியே விட்டார். அந்தக் கண்கள் நாக்கை அரித்து எடுத்துவிடும். அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. எழுந்து வந்து அவர் முன்னால் கையை நீட்டினாள். அவர் கத்தியைக் கொடுத்தார். கண்களைச் சாய்வாக வரிவரியாகச் சீவி எடுத்து, உப்புமீனை ஊறவைத்து, தேங்காய்ப் பால் பிழிந்து குழம்பு வைத்தாள்.

"சமைக்கத்தான் செய்யிறேன். எலை போட இல்லன்னு சொல்லு."

சொன்னேன். பெரியப்பா தலையை ஆட்டினார். அது சம்மதம் இல்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

கூடத்தில் இலைகள் விழுந்தன. தாத்தாவுக்கு, பாட்டிக்கு, பெரியப்பாவின் மனைவிக்கு, இன்னும் பழைய ஆட்களுக்கு. வரிசை முடிந்த இடத்தில், கையளவு இடைவெளி விட்டு, பெரியப்பா ஓர் இலையைப் போட்டார். அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடுங்கி எறியப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் எறியவில்லை. பெரியப்பா குழம்பை ஊற்றினார், சாம்பிராணி போட்டார், பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டார். கடைசியில் அப்பாவின் பெயரை உதட்டால் மட்டும் சொன்னார்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். அம்மா கொய்யா மரத்தடியில் தனியாக நின்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இலையைப் போட வேண்டும் என்று அத்தனை வருடம் நினைத்தவள் நான். போட்ட பிறகுதான் அப்பா செத்துப்போனதாகத் தோன்றியது.

பெரியப்பா கதவைத் திறந்தார். யாரும் அசைவதற்குள் அம்மா விறுவிறு என்று உள்ளே போனாள். கூடத்தைக் கடந்து கடைசி இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். அந்த இலையில் இருந்த சோற்றைக் குழம்போடு பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

செத்தவர் இலையில் உயிரோடிருப்பவர் சாப்பிட்டுப் பெரியப்பா பார்த்ததே இல்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக மூத்தாரை நேராகப் பார்த்து, அவருக்குப் புரியும் மலாயில் பேசினாள்.

"டியா சுடா மாக்கான். செகாராங் சாயா மாக்கான்."

அவர் சாப்பிட்டுவிட்டார். இப்போது நான் சாப்பிடுகிறேன். அவ்வளவுதான் சொன்னாள்.

பெரியப்பாவுக்கு அந்தப் பழைய கதை, தட்டுக்குப் பஞ்சமா என்று கேட்டுச் சிரித்த கதை, நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் முகம் மெல்ல மாறியதை நான் பார்த்தேன். தம்பி சாப்பிட்டுவிட்டான் என்று அவள் ஒத்துக்கொண்டாள். அதே வாயால், தான் இன்னும் அவன் பொண்டாட்டி என்றும் சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பார்த்து, "உன் அம்மாவுக்குத் தண்ணீர் வை" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சண்டை வரவில்லை. ஒவ்வொரு போகிக்கும் அன்னாசிக் குழம்பு இருக்கும், கடைசி இலை இருக்கும், கதவு திறந்ததும் அம்மா போய் உட்காருவாள். அப்பா இருக்கிறாரா இல்லையா என்று கேட்டால் அவள் பதில் அப்போதும் மாறவில்லை. இருக்காரு என்பாள். பெரியப்பா போய்ச் சேர்ந்த பிறகும், அவர் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்படியே சாப்பிட்டாள்.

அம்மா இறந்தபோது பெண்கள் என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்கள், தாலியைக் கழற்றுவதா என்று. கை வைக்காதீர்கள் என்றேன். குங்குமத்தோடு, தாலியோடு, பூவோடு போனாள். அந்த வருடப் போகிக்கு உறவுக்காரர் ஒருவர் அம்மாவுக்கென்று புது இலை ஒன்றை வரிசையில் போட்டார். நான் அதை எடுத்துவிட்டேன். அவளுக்குத் தனி இலை எதற்கு? அப்பா சாப்பிட்டதும் அவள் சாப்பிடுவாள்.

இப்போது மென்பொருளுக்கு வருகிறேன். முதல் படம் எடுத்துச் சில வருடம் ஆகியிருந்தது. இடையில் குழந்தைகள் பிறந்திருந்தன, அவர்களைச் சேர்த்துப் புதுப் படம் எடுத்தேன். அப்பாவின் பெட்டியில் பெயர் இருந்தது. முழுப் பெயர், பிறந்த வருடம், எல்லாம் பளிச்சென்று இருந்தன. நான் எதையும் தொடவில்லை. தோழியைக் கூப்பிட்டேன்.

"நூத்திப்பத்து தாண்டிருச்சுலக்கா" என்றாள். "அதுக்கு மேல இறந்துட்டாருன்னு அதுவே எடுத்துக்கும்."

"யாரைக் கேட்டு?"

என் கோபம் அவளுக்குத் தெரியும். மெதுவாகச் சொன்னாள். "மாத்திக்கலாம்க்கா. அந்த நம்பர் செட்டிங்ஸ்லதான் இருக்கு. யாரோ ஒருத்தர் போட்டு வச்ச நம்பர்தான். நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாம்."

எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அப்பா செத்துவிட்டார் என்று எனக்குத் தெரியாதா? பெரியப்பா இலையைப் போட்ட அன்றே தெரியும். அதற்காக நான் அழுதும் முடித்தாகிவிட்டது. ஆனால் அந்தப் படத்தில் அம்மாவும் இருந்தாள். அவள் பெயருக்குக் கீழே அவள் இறந்த நாள் இருந்தது, நானே போட்டது. பக்கத்தில் அப்பாவையும் செத்தவராகக் காட்டிவிட்டால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? யார் முந்தி, யார் பிந்தி என்று கணக்குப் போடுவார்கள். போட்டுப் பார்த்து, பாவம், இத்தனை வருடம் விதவையாக இருந்திருக்கிறாள் என்பார்கள். அவள் ஒரு நாள்கூட அப்படி இருக்கவில்லை.

அமைப்புக்குள் போய் அந்த எண்ணைத் தேடினேன். தோழி சொன்னபடியே அது திறந்துதான் கிடந்தது. நூற்றுப்பத்தை அழித்துவிட்டு, நான் செத்தபின்னும் நெடுநாள் தாங்கும்படி பெரிய எண் ஒன்றைப் போட்டேன். மறுபடியும் படம் எடுத்தேன். அப்பாவின் பெயர் மறைந்து பழைய சொல் வந்தது. பக்கத்தில் அம்மா, அவள் பெயர், அவள் இறந்த நாள். புருஷன் உயிரோடு இருக்கும்போதே போனவள்.

அந்தப் படத்தைத்தான் எல்லாருக்கும் அனுப்பினேன். அந்த வருடப் போகிக்கும் அன்னாசிக் குழம்பு வைத்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே இலை போட்டேன்.